பூக்குவியலும் வரையக்கூடாத கோடும்: தகவல் அமைப்பு மாதிரியாக்கம் கற்பித்தலில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

மதுரையைச் சுற்றியுள்ள பொறியியல் கல்லூரிகளில் தகவல் தொழில்நுட்பம் படிக்கும் இளநிலை மாணவர்களுக்குத் தகவல் அமைப்புகளை மாதிரியாக்குவது, அதாவது எந்தத் தகவல்கள் பதிவாகின்றன, அவை எப்படித் தொடர்புடையவை என்று வரைந்து காட்டுவது, பெரும்பாலும் தனிப் பாடமாக வந்து சேர்வதில்லை. தரவுத்தளப் பாடத்தில் பொருள்களையும் அவற்றுக்கிடையேயான உறவுகளையும் காட்டும் இ-ஆர் வரைபடம், மென்பொருள் பொறியியல் பாடத்தில் மென்பொருள் வடிவமைப்புக்கான பொதுக் குறியீட்டு முறையான யு.எம்.எல். வரைபடங்கள் என்று அது இரண்டு இடங்களில் பிரிந்து கிடக்கிறது. ஆய்வகத்துக்கென்று காலங்காலமாகப் புழங்கும் தலைப்புகளோ கடவுச்சீட்டு வழங்கும் முறை, புத்தக வங்கி, தேர்வுப் பதிவு, ரயில் முன்பதிவு, நூலகம் ஆகியவை. இவற்றுக்கான வரைபடங்கள் இணையத்திலும் மூத்த மாணவர்களின் ரெக்கார்டு நோட்டுகளிலும் ஆயத்தமாகக் கிடைக்கின்றன. அவற்றைச் சுத்தமாகப் பார்த்து வரைந்தால் மதிப்பெண் வந்துவிடும். ஆனால் தான் வரையும் ஒவ்வொரு கோடும் உலகத்தைப் பற்றிய ஒரு கூற்று என்பதையும், அந்தக் கூற்று பொய்யாகவும் இருக்கக்கூடும் என்பதையும் உணர மாணவருக்கு வாய்ப்பே அமைவதில்லை, ஏனென்றால் கோடு தவறு என்று சொல்லக்கூடிய ஆள் அந்த ஆய்வகத்தில் இல்லை.

அப்படிச் சொல்லக்கூடிய ஒருவரிடம் மாணவர்களைக் கொண்டுபோய் நிறுத்தினால் என்ன நடக்கும் என்பதே இந்த ஆய்வின் பொருள். மூன்றாம் ஆண்டு மாணவர் நால்வர் கொண்ட ஓர் அணி, மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் உள்ள ஒரு கமிஷன் கடையின் தகவல் அமைப்பை மாதிரியாக்கியது. மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது வெளியூர்வரை தெரிந்த செய்தி. ஆனால் அந்தப் பூ தோட்டத்திலிருந்து பூக்கட்டுபவரின் கைக்குப் போகும் வழியில் எத்தனை சீட்டுகள் எழுதப்படுகின்றன என்பது மதுரையிலேயே பிறந்து வளர்ந்த இந்த மாணவர்களுக்கும் தெரிந்திருக்கவில்லை.

முதல் வரைவு

கடைக்குப் போவதற்கு முன்பே அணி ஒரு வரைவோடு வந்தது. அமைப்பை யார் எதற்குப் பயன்படுத்துகிறார் என்று காட்டும் யூஸ் கேஸ் வரைபடத்தின் நடுவில் 'லாகின்' இருந்தது. அதைச் சுற்றி அட்மின், யூசர் என்று இரு உருவங்கள் இருந்தன. பொருள் வகைகளைக் காட்டும் கிளாஸ் டயகிராமில் பூ, வாடிக்கையாளர், ஆர்டர், கார்ட், பேமென்ட் ஆகியவற்றோடு, 'பூ மார்க்கெட் மேனேஜ்மென்ட் சிஸ்டம்' என்ற பெயரில் அமைப்பே ஒரு கிளாஸாகவும் உட்கார்ந்திருந்தது. விவசாயி எங்கும் இல்லை.

இந்த வரைவு எங்கிருந்து வந்தது என்பது ஆசிரியர் கவனிக்க வேண்டிய விஷயம். தகவல் அமைப்பு என்றால் மாணவர் மனதில் எழுவது தாம் நாள்தோறும் பயன்படுத்தும் செயலியின் திரைதான். திரையில் லாகின் உண்டு, கார்ட் உண்டு, ஆகவே வரைபடத்திலும் அவை வருகின்றன. கடையில் திரையே இல்லை, ஆனால் தகவல் அமைப்பு இருக்கிறது. அது எழுதும் கைகளிலும் காகிதங்களிலும் பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. இதை வகுப்பில் சொல்லிப் புரியவைக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. எனவே அந்த வரைவில் ஒரு கோட்டையும் திருத்தாமல் அதை ஒதுக்கி வைக்கச் சொல்லி, ஒரு நாளில் கடையில் எழுதப்படும் காகிதம் ஒவ்வொன்றிலும் ஒரு நகல் கொண்டுவரும் வரை வேறு எதையும் வரையக்கூடாது என்று சொல்லி அனுப்பினேன். பெயர்களும் தொலைபேசி எண்களும் மறைக்கப்பட்ட நகல்களாக இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

கடையின் நடைமுறை

விடியும் முன்பே பறித்த மொட்டுகள் பைகளில் கட்டப்படுகின்றன. ஓர் ஊரின் பைகளையெல்லாம் ஒரு லோடு ஆட்டோ ஏற்றிக்கொண்டு வருகிறது. பையில் கட்டிய துண்டுச்சீட்டில் ஓர் எண் மட்டும் இருக்கும். அது கடைப் பேரேட்டில் அந்த விவசாயியின் பக்க எண். கடையில் பையை எடைபோட்டு எடைச்சீட்டு எழுதுகிறார்கள். அதில் எடை இருக்கும், விலை இருக்காது, ஏனெனில் அந்த நேரத்தில் விலையே உருவாகியிருக்காது. பிறகு பூ தரம் பார்த்துக் குவியலில் கொட்டப்படுகிறது. வியாபாரிகள் வந்து கேட்கிறார்கள், விலை ஏறி இறங்குகிறது. முகூர்த்த நாளுக்கு முந்தைய காலையில் ஒரு விலை, ஆடி மாதக் காலையில் வேறு விலை என்பது ஊரறிந்ததே, ஆனால் ஒரே காலைக்குள்ளும் ஒருவருக்கு ஒரு விலை, இன்னொருவருக்கு இன்னொரு விலை என்று போகும். இவை விற்பனை நோட்டில் ஏறுகின்றன. வியாபாரம் ஓய்ந்த பிறகு, அன்றைய விற்பனை முழுவதையும் பார்த்து, விவசாயிகளுக்கு இன்ன விலை போடலாம் என்று கடை உரிமையாளர் தீர்மானிக்கிறார். அந்த விலை எடையோடு பெருக்கப்பட்டு, கமிஷனும் வண்டி வாடகையும் கழிக்கப்பட்டு, பேரேட்டில் வரவாக ஏறும். விவசாயி முன்பணம் வாங்கியிருந்தால் அது தனி நோட்டில் இருக்கும். அதில் எப்போது எவ்வளவு பிடிப்பது என்பதற்குத் தவணை அட்டவணை எதுவும் கிடையாது. பனியால் வரத்துக் குறையும் மார்கழியில் பிடிக்காமல் விட்டு, பூ நிறைய வரும் மாதங்களில் பிடிப்பார்கள்.

படத்துக்கு முன் வாக்கியம்

காகிதங்கள் வந்த பிறகும் வரைய விடவில்லை. காகிதத்தில் உள்ள ஒவ்வொரு பதிவையும், உண்மையான மதிப்புகளோடு, கடைக்காரரிடம் வாசித்துக் காட்டக்கூடிய தமிழ் வாக்கியமாக எழுதச் சொன்னேன். தகவல் மெய்ம்மைகளை மாதிரி மதிப்புகளோடு இயல்பான மொழியில் எழுதி, அவற்றிலிருந்து அமைப்பை வருவிக்கும் இந்த முறை புதிதல்ல. ஷிர் நைசன் 1970-களில் இதற்கு அடித்தளமிட்டார், டெர்ரி ஹால்பின் 1989-இல் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழக முனைவர் ஆய்வில் அதற்கு முறையான தருக்க வடிவம் கொடுத்தார். நம் பாடத்திட்டங்களில் இது அதிகம் இடம்பெறாதது இழப்பென்றே கருதுகிறேன், ஏனென்றால் கடைக்காரருக்கு வரைபடம் வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை, வாக்கியத்துக்கு ஆமாம் என்றோ இல்லை என்றோ சொன்னால் போதும்.

வாக்கியம் எழுதுவதற்கு ஒரே விதிதான். பொருள் கெடாமல் இரண்டாக உடைக்க முடியுமென்றால் உடைக்க வேண்டும், உடைத்தால் பொய்யாகிவிடும் என்றால் அப்படியே விட வேண்டும். விலை பற்றிய குழப்பத்தை இந்த விதிதான் தீர்த்தது. அணியின் முதல் எண்ணத்தில் விலை என்பது பூவின் பண்பு. மல்லி, பிச்சி, முல்லை என்று ஒரு டேபிள், அதில் விலைக்கென ஒரு பத்தி (நெடுவரிசை). ஆனால் 'இன்று காலை ஒரு வியாபாரி 12 கிலோ மல்லியைக் கிலோ 600 ரூபாய்க்கு எடுத்தார்' என்ற வாக்கியத்தை உடைத்து, 'இன்று மல்லி கிலோ 600 ரூபாய்' என்று தனியே எழுதினால், அதே காலையில் 550-க்கு எடுத்தவரின் பதிவு அதைப் பொய்யாக்குகிறது. ஆகவே அந்த விலை விற்பனைக்கு உரியது. விவசாயிக்குப் போடும் விலையோ நாளுக்கும் பூவகைக்கும் தரத்துக்கும் உரியது, அதைத் தீர்மானிப்பவரும் வேறு, தீர்மானிக்கும் நேரமும் வேறு. 'விலை' என்ற ஒரே பெயரில் இருந்தவை இரண்டு வெவ்வேறு மெய்ம்மைகள் என்பதை எந்தப் படமும் அவர்களுக்குக் காட்டவில்லை, வாக்கியம் காட்டியது.

வரையக்கூடாத கோடு

இதற்குப் பிறகு வரைந்த இ-ஆர் வரைபடம் பார்க்க ஒழுங்காகவே இருந்தது. விவசாயி, எடைச்சீட்டு, விற்பனை, வியாபாரி, பூவகை ஆகிய என்டிட்டிகள், அதாவது தகவல் பதிய வேண்டிய பொருள்கள், இருந்தன. எடைச்சீட்டையும் விற்பனையையும் இணைத்து, ஓர் எடைச்சீட்டின் பூ பல விற்பனைகளுக்கும், ஒரு விற்பனைக்குப் பல எடைச்சீட்டுகளின் பூவும் போகலாம் என்று, பலவற்றுக்குப் பல என்ற அளவில் ஓர் உறவுக் கோடும் இருந்தது. அந்தக் கோட்டின்மேல் மாணவர்களுக்குத் தனிப் பற்று இருந்தது. விவசாயி தன் கைப்பேசியில் தன்னுடைய பூ யாரிடம் என்ன விலைக்குப் போனது என்று பார்க்க முடியும், அவருக்கு அது நியாயம் தரும் என்பது அவர்கள் விருப்பம். நல்ல விருப்பம்தான்.

அந்தக் கோட்டுக்கான வாக்கியத்தைக் கடைக்காரரிடம் வாசித்தபோது அவர் சொன்னது: "குவியல்ல கொட்டுன பெறகு எந்தப் பூ எவரு பூன்னு யாருக்குத் தம்பி தெரியும்?"

இந்த ஒரு கேள்வியில் பாடத்தின் மையம் இருக்கிறது. எடைச்சீட்டு குவியலோடு தொடர்புடையது, விற்பனையும் குவியலோடு தொடர்புடையது, ஆனால் அதனால் எடைச்சீட்டும் விற்பனையும் ஒன்றோடொன்று தொடர்புடையவை ஆகிவிடுவதில்லை. எட்கர் காட் 1970-இல் உறவுமுறைத் தரவு மாதிரியை முன்வைத்த கட்டுரையிலேயே இந்தப் பிழையை 'இணைப்புப் பொறி' என்று பெயரிட்டு எச்சரித்திருக்கிறார். வழங்குநர் ஒரு பாகத்தை வழங்குகிறார், அந்தப் பாகம் ஒரு திட்டத்தில் பயன்படுகிறது, எனவே அந்த வழங்குநர் அந்தத் திட்டத்துக்கு வழங்குகிறார் என்று முடிவுகட்டுவது பொதுவாகத் தவறு என்பது அவர் காட்டிய எடுத்துக்காட்டு. மாணவர்கள் எட்கர் காட்டின் பெயரை, டேபிள்களில் தகவல் திரும்பத் திரும்ப வராமல் ஒழுங்குபடுத்தும் நார்மலைசேஷன் பாடத்தில் படித்திருக்கிறார்கள். ஆனால் அதே மனிதர் அதே கட்டுரையில் சொன்ன இந்த எச்சரிக்கை அவர்கள் காதில் விழுந்ததில்லை, அது தேர்வில் கேட்கப்படுவதுமில்லை.

தவறு என்று சொல்வதோடு நிறுத்தாமல், அந்தக் கோடு என்ன செய்யும் என்பதை ஆய்வகத்தில் மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில் ஓட்டிப் பார்த்தோம். ஒரு காலைக்கு மூன்று எடைச்சீட்டுகள்: 4, 6, 10 கிலோ. இரண்டு விற்பனைகள்: 12, 8 கிலோ. வந்ததும் 20, விற்றதும் 20. தேதியையும் பூவகையையும் பொதுவாகக் கொண்டு இரு டேபிள்களையும் இணைத்தால், ஒவ்வோர் எடைச்சீட்டும் ஒவ்வொரு விற்பனையோடும் சேர்ந்து ஆறு வரிசைகள் வருகின்றன. விற்பனை எடையின் கூட்டுத்தொகை 60 கிலோ ஆகிறது, வரத்தின் கூட்டுத்தொகை 40 கிலோ ஆகிறது. வினவலில் எழுத்துப் பிழை ஏதும் இல்லை, கணினி எந்த எச்சரிக்கையும் தரவில்லை. 20 கிலோ பூவை 60 கிலோ என்று திரை காட்டுவதைக் கண்ட பிறகு அந்தக் கோட்டுக்காக யாரும் வாதாடவில்லை. அந்தச் செயலி விவசாயியின் கையில் போயிருந்தால், நடக்காத ஒரு விற்பனையைக் காட்டி, அவருக்கும் கடைக்கும் இடையே இல்லாத வழக்கை உண்டாக்கியிருக்கும். மாதிரியாக்கத்தில் தவறு என்பது மதிப்பெண் குறைவதோடு முடிவதில்லை என்பதை மாணவர்களிடம் வற்புறுத்திச் சொல்ல இதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்ததில்லை.

பால் சங்கத்தோடு ஓர் ஒப்பீடு

இதே பருவத்தில் மற்றோர் அணி, ஊர்ப் பால் கூட்டுறவுச் சங்கத்தை எடுத்திருந்தது. இரண்டு அணிகளையும் ஒரே மேசையில் உட்கார வைத்தது எதிர்பாராத பலன் தந்தது. அங்கேயும் எல்லோருடைய பாலும் ஒரே கேனில் கலக்கிறது. அங்கேயும் கேனிலிருந்து ஒரு லிட்டரை எடுத்து இது இன்னாருடைய பால் என்று சொல்ல முடியாது. ஆனால் கலக்கும் முன் ஒவ்வொருவர் பாலிலும் மாதிரி எடுத்துக் கொழுப்பையும் கொழுப்பற்ற திடப்பொருளையும் அளந்துவிடுகிறார்கள். அந்த இரண்டு அளவுகளையும் விலை அட்டவணையில் பார்த்தால் அவருக்கு உரிய விலை வந்துவிடும். அட்டவணை எந்தத் தேதியிலிருந்து நடைமுறைக்கு வந்தது என்பதை மட்டும் தவறாமல் பதிய வேண்டும்.

பூக்கடையில் கலக்கும் முன் நடப்பது கண்பார்வை. எண்ணாக எதுவும் பதிவாவதில்லை. இரண்டு இடத்திலும் குவிப்பு ஒன்றே. அளவீடு குவிப்புக்கு முன் நடக்கிறதா, நடந்தால் அது எழுதப்படுகிறதா என்பதே வேறுபாடு. அந்த ஒரு வேறுபாட்டால் ஒரு மாதிரியில் உற்பத்தியாளருக்கான விலை அவருடைய பதிவிலிருந்தே கணக்கிடப்படுகிறது, மற்றதில் அது நாளுக்கு ஒருமுறை ஒரு மனிதரின் தீர்மானமாக உள்ளே வருகிறது. விவசாயிக்கு நியாயம் தேடிய பூக்கடை அணி, அதைப் பொய்க் கோட்டில் தேட வேண்டியதில்லை, எடைச்சீட்டில் தரத்துக்கு ஒரு கட்டம் சேர்க்கும்படி கடைக்காரரைக் கேட்கலாம் என்ற இடத்துக்குத் தானாகவே வந்தது. இருக்கும் நடைமுறையை உள்ளபடி எழுதுவதும், மாற வேண்டிய நடைமுறையை முன்மொழிவதும் இரு வேறு வேலைகள் என்பதை அன்று அவர்கள் பிரித்தறிந்தார்கள். கடைக்காரர் அந்தக் கட்டத்துக்கு இன்னும் இசையவில்லை.

கணக்கா, ஆளா?

ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டும் பிரைமரி கீ எது என்ற கேள்வியில் மாணவர்கள் உடனே ஆதாரையும் கைப்பேசி எண்ணையும் சொன்னார்கள். பூக்கடைக்கு ஆதார் எண் தேவையற்றது, தேவையற்ற தனிநபர் தகவலை வாங்கி வைப்பது பொறுப்பான வடிவமைப்பும் அல்ல. கைப்பேசி எண்ணோ பல கணக்குகளில் வெளியூரில் வேலை பார்க்கும் மகனுடையது. கடை பயன்படுத்துவது பேரேட்டுப் பக்க எண். தகப்பனார் காலமானால் மகன் அதே பக்கத்தில் தொடர்கிறார், முன்பணப் பாக்கியும் அதிலேயே தொடர்கிறது. அப்படியானால் 87-ஆம் பக்கம் என்பது ஆள் அல்ல, ஒரு குடும்பத்துக்கும் கடைக்கும் இடையேயான கொடுக்கல் வாங்கல். 'விவசாயி' என்ற என்டிட்டி நடுவிலிருந்து விலகி, 'கணக்கு' நடுவுக்கு வந்தது. எந்தக் காலத்தில் அதை யார் நடத்தினார் என்பது தேதிகளோடு கூடிய தனி உறவாயிற்று. முன்பண நிலுவையைத் தனிப் பத்தியாகச் சேமிக்காமல், பற்று வரவுப் பதிவுகளிலிருந்து கணக்கிட்டுக்கொள்வது என்ற முடிவும் இதைத் தொடர்ந்து எளிதாக வந்தது.

குறியீடுகள்

குறியீடுகளுக்கு நான் குறைந்த நேரமே கொடுத்தேன், ஓர் இடம் தவிர. பீட்டர் சென் 1976-இல் அறிமுகப்படுத்திய இ-ஆர் முறை, கோட்டு முனையைக் காக்கைக்கால்போல் பிரித்து 'பல' என்று காட்டும் காக்கைக்கால் குறியீடு, 1997-இல் ஓ.எம்.ஜி. என்ற தர நிர்ணய அமைப்பு தரமாக ஏற்றுக்கொண்ட யு.எம்.எல். ஆகியவற்றை ஒரே பருவத்தில் கலந்து படிக்கும் மாணவர், எண்ணிக்கையைக் கோட்டின் எந்த முனையில் எழுதுவது என்பதில் தடுமாறுகிறார். யு.எம்.எல்.லில் ஓர் எடைச்சீட்டுக்கு எத்தனை கணக்கு என்பதைக் கணக்கின் பக்கம், அதாவது எதிர்முனையில் எழுத வேண்டும். குறைந்தபட்சம், அதிகபட்சம் என இரண்டு எண்கள் எழுதும் இ-ஆர் முறையில் அதே தகவல் எடைச்சீட்டின் பக்கமே வரும். பாடநூல்கள் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டுவது அரிது. வரைபடத்தை வாய்விட்டு வாக்கியமாக வாசிக்க வைப்பதே இதற்கு மருந்து: 'ஒவ்வோர் எடைச்சீட்டும் ஒரே ஒரு கணக்குக்கு உரியது, ஒரு கணக்குக்கு எடைச்சீட்டே இல்லாமலும் இருக்கலாம், பலவும் இருக்கலாம்.'

மாறாக, முழுமைக்கும் பகுதிக்குமான உறவைக் காட்டக் கோட்டின் முனையில் வெற்று வைரக் குறியா, கறுப்பு வைரக் குறியா என்ற விவாதத்தில் வகுப்பு நேரம் போவதை நான் விரும்புவதில்லை. வெற்று வைரத்தின் துல்லியமான பொருள் துறைக்குத் துறை, மாதிரியாக்குநருக்கு மாதிரியாக்குநர் மாறும் என்று யு.எம்.எல். விவரக்குறிப்பே சொல்கிறது. மாணவர் அதைப் போடாமல் சாதாரணக் கோடு போட்டால் மதிப்பெண் குறைக்கத் தேவையில்லை.

மதிப்பீடும் நடைமுறைச் சிக்கல்களும்

இறுதி வரைபடத்துக்கு மட்டும் மதிப்பெண் கொடுத்தால் மாணவர் இறுதி வரைபடத்தை மட்டுமே செய்வார். ஆகவே கைவிட்ட வரைவுகளைக் காரணத்தோடு இணைத்துத் தரச் சொல்லி, அதற்கும் மதிப்பெண் ஒதுக்கினேன். வாய்மொழித் தேர்வில் ஒவ்வோர் அணிக்கும் அது இதுவரை பார்த்திராத ஒரு சீட்டைக் கொடுத்து, அவர்களுடைய டேபிள்களில் இது எங்கே உட்காரும் என்று கேட்டேன். பூக்கடை அணிக்குக் கிடைத்தது, வண்டிக்காரர் துண்டுச்சீட்டு இல்லாமல் கொண்டுவந்த பையின் எடைச்சீட்டு. கணக்கு எண் கட்டாயம் என்று வைத்திருந்த அவர்களுடைய டேபிள் அதை ஏற்க மறுத்தது. இரு மாணவர்கள் கணக்கு எண்ணை வெறுமையாக விடலாம் என்றார்கள், ஒரு மாணவி வண்டிக்காரரின் பெயரில் ஒரு தற்காலிகக் கணக்கு வைத்து, ஆள் தெரிந்ததும் மாற்றலாம் என்றார். கடை உண்மையில் செய்வது பின்னதைத்தான். எனினும் முந்தையதற்கும் வாதம் இருக்கிறது என்பதால் இரு தரப்புக்கும் மதிப்பெண் உண்டு.

மார்க்கெட் சுறுசுறுப்பாக இருக்கும் நேரம் விடியற்காலை. விடுதி மாணவிகளுக்கு அந்த நேரத்தில் வெளியே போக அனுமதி பெறுவது சிரமம். ஆசிரியர் உடன் போனால்தான் முடிந்தது. அறுபது பேர் கொண்ட வகுப்பு ஒரே இடத்துக்குப் போவதும் இயலாது. வியாபார நேரத்தில் கேள்வி கேட்பது கடைக்காரருக்கு இடைஞ்சல். வியாபாரம் ஓய்ந்து, விலை போடும் நேரத்துக்குப் போனபோதுதான் அவர் நிதானமாகப் பேசினார், பேரேட்டைத் திறந்தும் காட்டினார்.

தீராத கேள்வி

ஒன்று தீராமல் நிற்கிறது. வந்த எடையும் விற்ற எடையும் சமம் என்று அணி ஒரு கட்டுப்பாடு எழுதியிருந்தது. கடையின் உண்மைப் பதிவுகளை இட்டபோது அது ஒரு நாளும் தேறவில்லை. "பூ காயும்ல தம்பி" என்றார் கடைக்காரர். மழை நாளில் ஈரத்துக்காக எடைபோடும்போதே ஒரு கழிவு பிடிக்கிறார்கள். அது சீட்டில் எழுதப்படுவதால் எடைச்சீட்டில் ஒரு பத்தியாயிற்று. காலையிலிருந்து மதியத்துக்குள் குவியல் காய்ந்து குறைவது எங்கும் எழுதப்படுவதில்லை. வரத்திலிருந்து விற்பனையைக் கழித்தால் அது வந்துவிடும் என்று அணி சொன்னது. ஆனால் அந்த எண்ணுக்குள் காய்ந்ததோடு சிந்தியதும், கோயிலுக்குக் கொடுத்ததும், எழுத மறந்த விற்பனையும் சேர்ந்தே இருக்கின்றன. இவற்றைப் பிரிக்கக் கடைக்காரர் கூடுதலாக எழுத வேண்டும், அவரோ ஏற்கெனவே எழுதுவதே அதிகம் என்கிறார். கோயிலுக்குக் கொடுப்பதை மட்டும் ஒரு வாரம் தனியே குறித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்தக் குறிப்பும், காய்ந்து குறைவதற்கான பத்தி எந்த டேபிளுக்கு உரியது என்ற கேள்வியும் அடுத்த பருவத்து அணியிடம் போகின்றன.